கைப்பிடித் திரையில் மன்னி

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் மன்னி என்று கூப்பிடுகிறேன். கூப்பிடுகிறேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். மந்தைவெளியில் ஒரே வீட்டில் மாடியில் அவர்களும் கீழே நாங்களும் இருக்கிறோம். அண்ணனும் தம்பியும் காலையில் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மன்னியும் நானும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் லாரி வந்துவிட்டது என்ற செய்திகூடக் கணவன்மார் வழியாகத்தான் மேலே போகும்.

இது மாமியாரின் சிராத்தத்தன்று ஆரம்பித்தது. நான் தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியான வாரம் அது. அரை நாள் விடுப்புதான் கிடைத்தது. அவசரமாக வந்து, வாழை இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். சமையலறையில் மன்னி உறவுக்காரப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு உடம்பு வளையாது. உக்காந்து உக்காந்தே பழகிடுத்து. நாலு படி ஏறினா மூச்சு வாங்கறது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசிப் படியில் நின்றிருந்தேன். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று நினைக்கிறேன்.

மன்னி ஒரு பள்ளியில் துணை முதல்வர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். விடியுமுன் எழுந்து, தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவாள். சிராத்தம் முடிந்த மாதமே நானும் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். முதுகு வலிக்கு டாக்டர் சொன்னார் என்று வீட்டில் சொன்னேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தங்கள் பயணங்களைப் பதிவுசெய்யும் செயலி ஒன்று இருக்கிறது. யார் எங்கே போனார்கள், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் எல்லாம் அதில் தெரியும். நான் அதில் சேர்ந்ததும் அது என் கைப்பேசியில் இருந்த எண்களைத் துழாவி, "இவரைத் தெரியுமா?" என்று மன்னியின் படத்தைக் காட்டியது. பின்தொடர அனுமதி கேட்டேன். சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டாள். மறுத்திருந்தால் பயந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வேன் அல்லவா.

அவளுடைய பக்கத்தில் ஒரு கிரீடம் இருந்தது. இந்தச் செயலியில் யார் வேண்டுமானாலும் ஒரு சாலையின் ஏதோவொரு பகுதியைக் குறித்து அதற்குப் பெயர் வைக்கலாம். செக்மென்ட் என்பார்கள். அந்தப் பகுதியை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் பெண்ணுக்குக் கிரீடம். பட்டினப்பாக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை கடலோரமாகப் போகும் சாலையை மன்னி அப்படிக் குறித்து வைத்திருந்தாள். 'மை ரோடு' என்று பெயர். அவளே உண்டாக்கி, அவளே பேர் வைத்து, அவளே ராணியாகவும் இருந்தாள். அந்தப் பட்டியலில் இருந்த மற்ற இரண்டு மூன்று பெண்கள் போகிற போக்கில் அந்தச் சாலையைக் கடந்தவர்கள். போட்டி என்று தெரியாமலே தோற்றவர்கள்.

அந்தக் கிரீடத்தைப் பார்த்த வாரம்தான் நான் ஜி.பி.எஸ். கருவி வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கைப்பிடி நடுவில் உட்காரும். கூடவே மார்பைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டை. அது இதயத் துடிப்பை எண்ணி அனுப்பும். குர்தாவுக்குள் அதைக் கட்டிக்கொண்டு நின்றபோது என் கணவர் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"நெஞ்சு எவ்வளவு வேகமா அடிச்சுக்கறதுன்னு பார்க்க."

"அது தெரியாமத்தான் இத்தனை நாள் நிம்மதியா இருந்தோம்" என்று சொல்லிவிட்டுக் காபியை ஆற்றப் போய்விட்டார்.

முதல் சில வாரங்கள் அந்தக் கருவி மன்னியைவிட மோசமாக என்னை நடத்தியது. மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதித் தெருக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். கருவிக்கு அது தெரியாது. பச்சைத் தகரத் தடுப்புக்கு எதிரே நிற்கும்போது நேரே போ என்று சொல்லும். சுற்றிப் போனால் பாதை தவறிவிட்டாய் என்று கீச்கீச்சென்று கத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது கிலோமீட்டருக்கு நீயே ஒரு வழி போட்டுக் கொடு என்று அதனிடம் விட்டேன். அது என்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்குள் இழுத்துக்கொண்டு போய், கூவத்து வாடை மூக்கில் ஏறும் ஒரு சந்தில் திருப்பிவிட்டது. சந்தின் வாயில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தினார்.

"யக்கா, இன்னா அத்தையே பாத்துக்கினு போற? முன்னால செவுரு கீது."

"மேப்புல வழி காட்டறதே."

"அப்ப மேப்பாண்டயே சொல்லு, செவுத்த எடுத்துரும்" என்று அவர் துடைப்பதைத் தொடர்ந்தார்.

பயிற்சியும் அந்தக் கருவிதான் கொடுத்தது. பெசன்ட் நகர் பக்கம் போக்குவரத்து இல்லாத சாலையில் அது ஒரு தடவை கூவினால் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். மறு தடவை கூவினால் மெதுவாகப் போகலாம். மூச்சு திரும்புவதற்குள் மறுபடி கூவும். துடிப்பு குறிப்பிட்ட அளவுக்கு ஏறவில்லை என்றால் திரை சிவப்பாகும். ஒரு மாதம் இப்படிச் செத்துப் பிழைத்த பிறகு, என் பயிற்சி 'பலனற்றது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் காட்டியது. அன்று அதைக் கழற்றிக் கடலில் எறிந்துவிடலாம் என்றிருந்தது. எறியாததற்குக் காரணம் அதிலிருந்த இன்னொரு வசதி.

செக்மென்ட் ஆரம்பிக்கும் இடத்தை நெருங்கும்போது கருவி முன்கூட்டியே எச்சரிக்கும். ஆரம்பித்ததும் திரையில் இரண்டு புள்ளிகள் தோன்றும். ஒன்று நான். இன்னொன்று மன்னி. அவள் தன் மிக வேகமான நாளில் எப்படிப் போனாளோ அப்படியே அந்தப் புள்ளி முன்னால் போகும். இத்தனை வினாடி பின்னால் இருக்கிறாய் என்று கீழே எண் ஓடும். அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, பள்ளியில் யாரையாவது நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, என் கைப்பிடியில் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

நான் அந்தப் புள்ளியை வெறுத்தேன். அது எங்கே வேகம் எடுக்கும், எங்கே சோரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தது. நொச்சிக்குப்பத்தில் வலை குவித்து வைத்திருக்கும் வளைவில் மன்னி கொஞ்சம் பயப்படுவாள். அங்கே புள்ளி தயங்கும். பிறகு குடியிருப்புகளைத் தாண்டியதும் சீறும். அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்த வருஷங்களில் அவளைப் பற்றி நான் இவ்வளவு கவனமாகத் தெரிந்துகொண்டதில்லை.

இரண்டாம் வருஷம் சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் தெற்கிலிருந்து நல்ல காற்று. எனக்குப் பின்னாலிருந்து அடித்தது. வலை வளைவில் நான் பிரேக்கைத் தொடவில்லை. மன்னியின் புள்ளி என் புள்ளியோடு ஒட்டியது, பிறகு பின்னால் போயிற்று. கலங்கரை விளக்கத்தருகே கருவி ஒரு சின்ன இசை வாசித்தது. நான் ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாந்தி எடுத்தேன். அதன் பிறகு திரையைப் பார்த்தேன். கிரீடம் எனக்கு வந்திருந்தது.

அன்று மாலை மாடியில் சத்தமே இல்லை. வழக்கமாக ஏழு மணிக்கு மன்னி யாரையாவது தொலைபேசியில் அதட்டுவது கீழே கேட்கும். அன்று அதுவும் இல்லை. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே பாட்டு முணுமுணுத்தேன். கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?" என்றார்.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் செயலியிலிருந்து அறிவிப்பு வந்தது. என் பயணம் சந்தேகத்துக்குரியது என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். மோட்டார் வாகனத்தில் சென்றிருக்கலாம் என்பது புகார். ஆகையால் அந்தப் பயணம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கொடுத்தவர் யாரென்று அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. 'மை ரோடு' பக்கத்தில் மறுபடி மன்னியின் படம்.

மொட்டை மாடிக்கு ஏறினேன். மன்னி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் நேராகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

"என் ரைடு மேல கம்ப்ளெய்ண்ட் போட்டது நீங்கதானே?"

மன்னி ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரங்களைச் சேர்த்து இழுத்துவிட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்து அதற்குத் தயாராக வந்திருந்தேன்.

"எதுக்கு?"

"நீ ஸ்கூட்டர்ல போயிருப்பே. இல்லேன்னா யாரோட வண்டியையாவது பிடிச்சுண்டு போயிருப்பே. உன்னால அந்த வேகத்துல ஓட்ட முடியாது."

"நீங்க பார்த்தேளா?"

"இதுல பார்க்க என்ன இருக்கு? உன்னை எத்தனை வருஷமா பார்த்துண்டிருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பள்ளியில் ஒரு பிள்ளையின் விடைத்தாளில் வேறு கையெழுத்து இருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி நிதானமாகச் சொன்னாள். நான் ஏமாற்றவில்லை என்று தெரிந்தே அவள் பழி சுமத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் உண்மையாகவே நம்பவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்னோட வாங்கோ. பக்கத்துலயே ஓட்டறேன். கண்ணால பாருங்கோ."

"பட்டினப்பாக்கத்துலேர்ந்தா?"

"உங்க ரோடுதானே. அங்கேர்ந்தேதான்."

"சரி. ஆனா வந்துட்டு, முட்டி வலிக்கறது, மூச்சு அடைக்கறதுன்னு சொல்லப்படாது" என்றாள். காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இந்தச் செய்தி அண்ணன் தம்பி காதுக்குப் போனபோது வேறு விதமாக மாறிவிட்டது. "நீயும் மன்னியும் சேர்ந்து போறேளாமே. அண்ணா சொன்னான். ரொம்ப நல்லதாப் போச்சு" என்று என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நாங்க ரெண்டு பேரும் போய்ப் பொங்கல் வாங்கிண்டு வந்துடறோம். திரும்பி வந்ததும் மாடியில எல்லாருமா உக்காந்து சாப்பிடலாம்." அவரிடம் என்ன சொல்வது. சாம்பார் தனியாக வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில் இருவரும் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றோம். இரண்டு கைப்பிடியிலும் இரண்டு கருவிகள். இருவரும் செயற்கைக்கோள் கிடைப்பதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னி என் சைக்கிளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"செயினுக்கு எண்ணெய் போடறதில்லையா?"

நான் பெடலை மிதித்தேன். மெதுவாகத் தொடங்கி, செக்மென்ட் ஆரம்பிக்கும் இடம் வந்ததும் இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் கூவின.

மன்னி நன்றாகத்தான் ஓட்டினாள். அதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் பக்கமாக அவள், எனக்கு முன்னால் அரைச் சக்கரம். ஆனால் நான் விடவில்லை. என் திரையில் என் துடிப்பு உச்சத்துக்கு ஏறியது. குடிசை மாற்று வாரியக் கட்டடங்கள் ஒரு பக்கம் நகர்ந்தன. மறுபக்கம் படகுகள், குடைக்கு அடியில் மீன் பலகைகள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வலை வளைவில் மன்னி தயங்குவாள் என்று எனக்குத் தெரியும். அங்கே அவளைத் தாண்ட நான் இடது பக்கம் ஒதுங்கினேன். மன்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் தயங்கவில்லை.

ஒரு மீன்காரப் பெண் தலையிலிருந்து அன்னக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மன்னி திரையைக் குனிந்து பார்த்தபடி அவளை உரசிக்கொண்டு போனாள். மன்னியின் கைப்பிடி கூடையின் விளிம்பில் இடித்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூடை என் பாதையில் கவிழ்ந்தது. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின் சக்கரம் வழுக்கி, மீன்களின் மேல் விழுந்தேன்.

மன்னி நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடுப்பைத் தூக்கி நின்று மிதித்துக்கொண்டு போவதைத் தரையில் கிடந்தபடி பார்த்தேன்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு?" என்று மீன்காரப் பெண் என் மேல் பாய்ந்தாள்.

"நான் இடிக்கலைம்மா. முன்னால போனாங்களே, அவங்க."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வந்தீங்க? அவ யாரு?"

என் ஓரகத்திதான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் விடவில்லை. "வெடிகால வந்தா ஹேண்டில்பார்ல கீற பொட்டியப் பாத்துக்கினே போறீங்க. இது இன்னா உங்கூட்டு ரோடா? எட்றீ மீன."

எடுத்தேன். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. ஈரமும் குளிர்ச்சியுமாக ஒவ்வொன்றும் கையிலிருந்து வழுக்கிப் போனது. என் முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அதில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. பெண்கள் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். மண் ஒட்டிய மீன்களை அவள் சொன்னபடி ஒரு வாளித் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். "நசுங்கினத இன்னா பண்றது? நீ துண்ணுவியா?" என்றாள். பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். நன்றி எதுவும் சொல்லாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது மன்னி திரும்பி வந்தாள். செக்மென்ட் முடியும் இடம் வரை போய், கருவி தன் இசையை வாசித்த பிறகு, சாவகாசமாகத் திரும்பியிருந்தாள். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"அடி பட்டுதா?" என்றாள்.

"நீங்க இடிச்சேள்."

"நான் தொடவே இல்லை."

மீன்காரப் பெண் நிமிர்ந்தாள். "தொடலியா? அப்ப உன் வண்டில ஒட்டிக்கினு கீதே, அது இன்னா?"

மன்னியின் கைப்பிடி முனையில் செதில்கள் பளபளத்தன. மன்னி அவற்றைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்தாள். கைக்குட்டையை மடித்து, அதைப் பையில் வைத்துக்கொள்ள மனமில்லாமல் சாலையோரம் போட்டுவிட்டு, பெடலை மிதித்தாள். "நான் மெதுவாப் போறேன். வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீன்காரப் பெண் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னதை எழுத முடியாது. எனக்கு அது இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மன்னியின் சைக்கிள் குழாயடியில் ஈரமாக நின்றது. கழுவிவிட்டிருந்தாள். நான் முழங்கையை மட்டும் அலம்பிக்கொண்டு, உடை மாற்றாமல், அப்படியே மாடிக்கு ஏறினேன். கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். பொங்கல், வடை, தனியாக வாங்கிய சாம்பார். அண்ணனும் தம்பியும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மன்னி குளித்து, குங்குமம் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் கணவர் மூக்கைச் சுளித்தார். "என்ன வாசனை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மன்னி சொன்னாள். "அவ ஒரு மீன்காரி மேல மோதிட்டா. நல்லவேளை, பெரிசா ஒண்ணும் ஆகலை."

"மன்னி பொய் சொல்றா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கூடையை இடிச்சது மன்னி. நின்னுகூடப் பார்க்கலை. நான் ஒத்தையா மீன் பொறுக்கினேன். இப்ப வந்து சைக்கிளைக் கழுவியாச்சு."

அண்ணன் மன்னியைப் பார்த்தார். மன்னி சட்னியைப் பார்த்தாள். என் கணவர் என்னைப் பார்க்காமல் இலையைச் சரிசெய்தார். பிறகு அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, விடுங்கோ. பொங்கல் ஆறிடும்" என்றார். "ஆமா, முதல்ல சாப்பிடலாம்" என்றார் தம்பி.

நான் கீழே வந்து குளித்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் வாடை போகவில்லை. என் பங்குப் பொங்கலைக் கணவர் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். "நீ எல்லார் எதிர்க்கவும் பொய்யின்னு சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். இடித்தது யார் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. மன்னியை விட அவர் மேல்தான் எனக்கு அந்த வாரம் முழுவதும் கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை மன்னி செயலியில் ஏற்றியிருந்தாள். அவளுடைய மிகச் சிறந்த நேரம் அதுதான். கீழே அவளுடைய பள்ளி ஆசிரியைகள் கைதட்டும் படங்களைப் போட்டிருந்தார்கள். நானும் புகார் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு பொத்தான்தான். ஆனால் மோட்டார் வண்டி, தவறான இடக்குறிப்பு என்று அதில் வரும் காரணங்களில் எங்கள் விஷயத்துக்குப் பொருந்துகிறது எதுவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் யாரோ ஒரு சின்னப் பெண் வந்தாள். கொட்டிவாக்கம் பக்கத்துப் பெண் என்று அவள் பயணங்களைப் பார்த்தால் தெரிந்தது. எங்கோ போகிற வழியில் 'மை ரோடு' வழியாகப் போயிருக்கிறாள். எங்கள் இருவரின் நேரத்தையும் அவள் பொருட்படுத்தவே இல்லை. நாங்கள் எத்தனை வருஷம் மிதித்தாலும் எட்ட முடியாத நேரம். அவளுக்கு அங்கே ஒரு கிரீடம் இருப்பது தெரியுமோ என்னவோ. மன்னி கொஞ்ச நாளில் அந்தச் செக்மென்டையே அழித்துவிட்டாள்.

நான் இப்போது அடையாறு வழியாகத் தெற்கே போகிறேன். கருவியில் வரைபடப் பக்கம் மட்டும் வைத்திருக்கிறேன். மார்புப் பட்டை அலமாரியில் கிடக்கிறது. மன்னியும் அந்தப் பக்கம்தான் போகிறாள் போலிருக்கிறது. எதிரும் புதிருமாகக் கடந்தால் இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு போவோம்.

போன மாதம் அடையாறு பாலத்தில் அவளைப் பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நடைபாதையில் குந்தியிருந்தாள். கையெல்லாம் கறுப்பு. நான் வேகத்தைக் குறைத்து, நின்று கேட்டேன்.

"பம்ப் இருக்கா?"

"இருக்கு."

"டியூப்?"

"அதுவும் இருக்கு."

அவள் நிமிரவில்லை. நான் கிளம்பினேன். இரக்கமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கொட்டிவாக்கம் வரை போய்த் திரும்பி வந்தபோது பாலத்தில் அவள் இல்லை.